எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்ததும் பெண்களுக்குத்தான் முதல் வெட்டு விழுகிறதா? கேரளம் 2021ஐ வைத்துப் பேசலாம்

கல்லிடை
எல்லோருக்கும் வணக்கம். 2021 மார்ச் 14 அன்று கேரளத்தில் காங்கிரஸ் வேட்பாளர் பட்டியல் வந்தது. அன்றைக்கே மாநில மகளிர் காங்கிரஸ் தலைவர் லதிகா சுபாஷ், தனக்குச் சீட்டுத் தரவில்லை என்று பதவியை விட்டு விலகி, திருவனந்தபுரம் இந்திரா பவன் வாசலில் உட்கார்ந்து தலையை மழித்துக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் முஸ்லிம் லீக் தன் மாணவர் அமைப்பின் பெண்கள் பிரிவான 'ஹரிதா'வின் மாநிலக் குழுவையே கலைத்தது. இரண்டும் ஒரே முன்னணி (காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி), இரண்டும் எதிர்க்கட்சியாக இருந்த காலம்.

"ஆண்களின் மனநிலை அப்படி" என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. கட்சிக்குள் எந்தக் கட்டத்தில், யார் கையெழுத்தில், எந்த விதியைக் காட்டி இது நடக்கிறது? நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்
நல்ல கேள்வி. கேரளக் காங்கிரஸைப் புரிந்துகொள்ள 'ஏ' குரூப், 'ஐ' குரூப் இரண்டிலிருந்து தொடங்க வேண்டும். ஏ குரூப் ஏ.கே. ஆண்டனி காலத்திலிருந்து வந்து உம்மன் சாண்டியிடம் சேர்ந்தது. ஐ குரூப் கருணாகரனுடையது, பின்னால் ரமேஷ் சென்னித்தலா கைக்கு வந்தது. மாவட்டத் தலைவர் முதல் வேட்பாளர் வரை எல்லாவற்றிலும் 'இது எங்க கோட்டா, அது உங்க கோட்டா' என்ற கணக்குத்தான்.

ஆட்சியில் இருக்கும்போது பங்கு போட நிறைய இருக்கிறது. அமைச்சர் பதவி, வாரியத் தலைவர், கழகத் தலைவர், கூட்டுறவு வங்கி, தேவஸ்வம் போர்டு (கோயில் நிர்வாக வாரியம்), அரசு வழக்கறிஞர் நியமனம். சீட்டு கிடைக்காதவரை 'வாரியத்தில் பார்த்துக்கொள்வோம்' என்று சமாதானப்படுத்தலாம். ஆட்சி போனதும் மிஞ்சுவது இரண்டே இரண்டு: கட்சிப் பொறுப்பு, அடுத்த தேர்தல் சீட்டு. பத்துப் பேருக்கு இலை போட்ட பந்தியில் சோறு மூன்று பேருக்குத்தான் என்றால் யார் எழுந்திருக்க வேண்டும்? பின்னால் நிற்க ஒரு குரூப் இல்லாதவர். பெண்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். மகளிர் அணித் தலைவர் என்ற பதவி எந்த குரூப் கோட்டாவிலும் எண்ணப்படுவதில்லை, அதனால் அவருக்காகச் சண்டை போடவும் ஆளில்லை.

இதற்கு நேரடிச் சான்று 2021 ஆகஸ்ட் மாவட்டத் தலைவர் பட்டியல். மே மாதம் தேர்தல் முடிவில் இடது முன்னணி 99, ஐக்கிய ஜனநாயக முன்னணி 41. அதன் பிறகு வி.டி. சதீசன் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார், கே. சுதாகரன் மாநிலத் தலைவர் ஆனார். புதிய தலைமை 14 மாவட்டத்துக்கும் தலைவர்களை அறிவித்ததும், எங்களைக் கேட்கவே இல்லை என்று உம்மன் சாண்டியும் சென்னித்தலாவும் வெளிப்படையாகவே கொதித்தார்கள். ஒரு வாரம் தொலைக்காட்சி முழுக்க அந்தச் சண்டைதான். அந்த 14 பேரில் ஒரு பெண் கூட இல்லை. அதற்கு முன் கொல்லத்தில் பிந்து கிருஷ்ணா மாவட்டத் தலைவராக இருந்தார், அந்த ஒரு இடமும் போனது. ஏ-க்கு எத்தனை, ஐ-க்கு எத்தனை என்று மூன்று தரப்பும் எண்ணிக்கொண்டிருந்தன. பெண் எத்தனை என்று எண்ணியவர் யாருமில்லை. என் பார்வையில், தலை மழித்த படத்தை விட இந்தப் பட்டியல்தான் கட்சியை நன்றாகக் காட்டுகிறது.

நொய்யல்
ஆளுங்கட்சியில் மட்டும் என்ன வாழ்கிறது தோழர்? 2021இல் மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் கே.கே. சைலஜாவுக்கு, அதுவரை சுகாதார அமைச்சராக இருந்தும், புதிய அமைச்சரவையில் இடமில்லை. 1987இல் அதே கட்சி 'கேரளத்தை கே.ஆர். கௌரி ஆள்வார்' என்று சுவரெல்லாம் எழுதி ஓட்டு வாங்கிவிட்டு, முதல்வர் நாற்காலியில் நாயனாரை உட்கார வைத்தார்கள். 1994இல் கௌரியம்மாவைக் கட்சியை விட்டே நீக்கினார்கள். இதில் எதிர்க்கட்சிக் கணக்கு எங்கே வருகிறது?

பாலக்காட்டுக் கணவாய்
@நொய்யல் மறுக்கவில்லை. சைலஜா விஷயத்தில் 'முதல்வரைத் தவிர எல்லோரும் புதுமுகம்' என்று ஒரு பொது விதியைச் சொன்னார்கள், அதில் ஆண் அமைச்சர்களும் போனார்கள். கௌரியம்மாவுக்கு நடந்தது அநியாயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் இருவரும் சட்டமன்றத்துக்குள் இருந்தபடி மேல் பதவியை இழந்தவர்கள். நான் சொல்வது சட்டமன்ற வாசலையே தொட முடியாதவர்களைப் பற்றி. 2016இல் கேரளத்தில் வென்ற பெண்கள் 8 பேர், எல்லோரும் இடது முன்னணி. 2021இல் 11 பேர், அதில் 10 பேர் இடது முன்னணி. மீதி ஒருவர் வடகரையில் வென்ற கே.கே. ரமா. அவரும் காங்கிரஸ் இல்லை, புரட்சிகர மார்க்சிஸ்ட் கட்சி. ஆக அந்தப் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் பெண் ஒருவர் கூட வெல்லவில்லை. 2022இல் திருக்காக்கரை இடைத்தேர்தலில் உமா தாமஸ் வந்த பிறகுதான் அந்த வரிசையில் ஒரு பெண். அதுவும் கணவர் பி.டி. தாமஸ் இறந்து காலியான தொகுதி.

மனுப்பரிசீலனை
இழை தொடங்கியவர் 'யார் கையெழுத்தில்' என்று கேட்டிருக்கிறார். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கட்சி வேட்பாளர் என்பதற்கு ஆதாரம் இரண்டு தாள்தான், ஏ படிவமும் பி படிவமும். 1968ஆம் ஆண்டு சின்னங்கள் ஆணையில் வருகிறது. 'எங்கள் கட்சி சார்பில் வேட்பாளரை அறிவிக்க இன்னாருக்கு அதிகாரம்' என்று கட்சித் தலைமை மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் தொகுதித் தேர்தல் அதிகாரிக்கும் கொடுப்பது ஏ படிவம். அப்படி அதிகாரம் பெற்றவர் 'இந்தத் தொகுதிக்கு இவர்தான்' என்று தருவது பி படிவம். இரண்டும் மனுத்தாக்கல் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரி கையில் இருக்க வேண்டும். மையில் போட்ட அசல் கையெழுத்து வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப், நகல், ஃபேக்ஸ் எதுவும் செல்லாது.

பி படிவத்தை யாராவது கையில் வாங்கிப் பார்த்திருந்தால் தெரியும். தொகுதிப் பெயர், வேட்பாளர் பெயர், முகவரி எல்லாம் வரிசையாகக் கட்டம் கட்டமாக இருக்கும். அடுத்த கட்டத்தில் மாற்று வேட்பாளர் பெயர். கட்டங்களுக்குக் கீழே, மேலே பெயர் உள்ளவர்கள் கட்சியின் உறுப்பினர்கள், உறுப்பினர் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது என்று ஒரு சான்று வரி. அந்த ஒரு வரியில்தான் பலருடைய அரசியல் முடிந்திருக்கிறது. புகார் கொடுத்தவரை 'அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்' நீக்கிவிட்டால், அதன் பிறகு ஆதரிக்கிற தலைவரே நினைத்தாலும் அவருக்கு பி படிவம் தர முடியாது. முதலில் நீக்கத்தை ரத்து செய்ய வேண்டும்.

கோஷ்டிச் சண்டையில் நடக்கும் இன்னொன்று: ஒரே தொகுதிக்கு இரண்டு பேருக்கு பி படிவம் போய்விடும். பின்னால் கொடுத்த படிவத்தில் 'முன்பு கொடுத்தது ரத்து' என்று தெளிவாக எழுதியிருந்தால் பின்னது செல்லும். அப்படி எழுதவில்லை என்றால், யார் வேட்புமனு முதலில் தாக்கலானதோ அவருக்கே கட்சி அங்கீகாரம். அதனால் பெயர் அறிவித்த அன்றே மனுவைக் கொடுத்துவிட வேண்டும். நல்ல நாள், நல்ல நேரம் என்று பார்த்துக் கடைசி நாள் வரை இழுத்தால் இடையில் பெயர் மாறிவிடும். மாற்றுவதற்கு மேலிடத்துக்கு ஒரு தாள் போதும்.

கல்லிடை
அப்படியானால் பி படிவம் வரும் என்று நம்பி மனுப் போட்டு, வராமல் போனால்?

மனுப்பரிசீலனை
அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிபவர் 1 ஆள் போதும். சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் வேண்டும். கட்சியை நம்பி ஒருவர் கையெழுத்தோடு மனுப் போட்டு, பி படிவம் வரவில்லை என்றால் பரிசீலனையில் மனு தள்ளுபடி. சுயேச்சையாகக் கூட நிற்க முடியாது. ஒரு வேட்பாளர் 4 மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினால் போதும் (சட்டமன்றத்துக்குப் பொதுப்பிரிவு 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000). ஆகவே ஒரு செட் கட்சிக்கு, இன்னொரு செட் 10 முன்மொழிவோடு சுயேச்சைக்கு. வாக்காளர் பட்டியலில் 10 பேரின் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எண் தவறினாலும் சிக்கல் என்பதால் 10 பேரையும் வெவ்வேறாக வைத்து இரண்டு செட் போடுவது பாதுகாப்பு.

2021இல் மனுத்தாக்கல் கடைசி நாள் மார்ச் 19. பட்டியல் வந்தது 14. லதிகா சுபாஷுக்கு இருந்தது ஐந்தே நாள். கட்சிப் பட்டியலைக் கடைசி வாரம் வரை இழுத்தடிப்பதே மற்றவர்களுக்கு வழி இல்லாமல் அடைக்கத்தான் என்பது என் கணிப்பு.

வைகைக்கரை
அவர் ஏற்றுமானூரில் சுயேச்சையாக நின்று வாக்கைப் பிரித்ததால்தானே முன்னணி தோற்றது? கட்சிக்காரர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பாலக்காட்டுக் கணவாய்
இல்லை. அவர் வாங்கியது ஏழாயிரத்துச் சொச்சம். இடது முன்னணியின் வி.என். வாசவன் வென்ற வித்தியாசம் பதினாலாயிரத்துக்கு மேல். லதிகாவின் வாக்கு முழுவதையும் முன்னணி வேட்பாளரோடு கூட்டினாலும் எட்டாது. இது தெரிந்தும் பழியை அந்தப் பெண் மேல் போடுவதைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தொகுதி காங்கிரஸ் கையிலேயே இல்லை என்பதையும் பாருங்கள். கூட்டணியில் கேரளா காங்கிரஸ் ஜோசப் பிரிவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஒரு பெண் ஐந்து வருடம் உழைத்த தொகுதியைக் கூட்டணிக்குத் தள்ளிவிட்டால், 'உங்களுக்கு இல்லை என்று நாங்கள் சொல்லவில்லையே, தொகுதியே நம்மிடம் இல்லை' என்று கையைக் கழுவிவிடலாம். தமிழ்நாட்டிலும் பார்த்திருப்பீர்கள்.

மதினி
பெண் வேட்பாளர் எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் 2022இல் காங்கிரஸ் 40 சதவீதம் பெண்களுக்கு என்று அறிவித்து நிறுத்தியது. மொத்தம் வென்றது 2 இடம், அதில் பெண் ராம்பூர் காஸில் ஆராதனா மிஸ்ரா ஒருவர். அது அவர் குடும்பம் பல காலமாக வைத்திருக்கும் தொகுதி. இங்கே நாம் தமிழர் 2021இல் 234இல் 117 பெண்களை நிறுத்தியது, ஒரு இடமும் வரவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் 21 தொகுதியில் 7 பெண்களை நிறுத்தியது, 5 பேர் வென்றார்கள். அது ஆளுங்கட்சி, வெல்லும் தொகுதிகளைக் கொடுத்தது.

கேட்க வேண்டிய கேள்வி: கட்சி போன தேர்தலில் வென்ற தொகுதிகள், 5,000 வாக்குக்குள் தோற்ற தொகுதிகள், இவற்றை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்தால் அதில் பெண்கள் எத்தனை? எந்தக் கட்சியும் இந்த எண்ணைத் தானாகச் சொல்லாது. ஆனால் தேர்தல் ஆணையத்தின் தொகுதிவாரி முடிவுகளை வைத்து ஒரு மாலைப் பொழுதில் கணக்குப் போட்டுவிடலாம். கூட்டத்தில் இந்தத் தாளோடு போய் நின்றால் மழுப்ப முடியாது.

வெல்லும் தொகுதியைக் கொடுத்தும் தோற்கும் கதையும் உண்டு. 2021இல் முஸ்லிம் லீக் 25 வருடத்துக்குப் பிறகு ஒரு பெண்ணுக்குச் சீட்டுக் கொடுத்தது, கோழிக்கோடு தெற்கில் நூர்பினா ரஷீத். அது லீக் தலைவர்களில் ஒருவரான எம்.கே. முனீர் இரண்டு முறை வென்ற தொகுதி. முனீர் கொடுவள்ளிக்கு மாறிப் போய் அங்கே வென்றார், நூர்பினா தோற்றார். தோற்றதும் 'பார்த்தீர்களா, பெண்ணைப் போட்டால் இப்படித்தான்' என்ற பேச்சு எழும். பூத் செலவு நேரத்துக்குப் போனதா, பூத் முகவர் உட்கார்ந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. உள்ளடி வேலை பார்க்க வேண்டும் என்றால் எதிராகப் பேச வேண்டியதில்லை. கடைசி இரண்டு நாள் வீட்டில் இருந்தால் போதும்.

சட்டப்பக்கம்
ஹரிதா பற்றி யாரும் விரிவாகத் தொடவில்லை, நான் தொடுகிறேன். 2021 ஜூனில் கோழிக்கோட்டில் நடந்த கூட்டத்தில் மாணவர் அமைப்பின் மாநில நிர்வாகி தங்களை இழிவாகப் பேசினார் என்பது ஹரிதா நிர்வாகிகள் 10 பேரின் குற்றச்சாட்டு. முதலில் கட்சியிடம்தான் முறையிட்டார்கள். தீர்வு வராததால் மாநில மகளிர் ஆணையத்துக்குப் போனார்கள். புகாரைத் திரும்பப் பெறச் சொன்னது கட்சி. அவர்கள் மறுத்தார்கள். செப்டம்பர் 8 அன்று 'கடுமையான ஒழுங்கு மீறல்' என்று ஹரிதா மாநிலக் குழு கலைக்கப்பட்டது. சில நாளில் அவர்களுக்காகப் பேசிய மாணவர் அமைப்பின் தேசியத் துணைத்தலைவர் ஃபாத்திமா தஹ்லியாவும் நீக்கப்பட்டார்.

வரிசையைக் கவனியுங்கள். விசாரிக்கப்பட வேண்டியது 'அவர் பேசினாரா இல்லையா'. தண்டிக்கப்பட்டது 'நீங்கள் வெளியே போனீர்களா'. கட்சி விதிகளில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு இருக்கும், அது கட்சியின் பெயரைக் காக்கும் குழு. பெண்ணின் புகாரை அதனிடம் கொடுத்தால் அது புகாரையே ஒழுங்கு மீறலாகப் படிக்கும். அந்தக் குழு அதற்காகவே ஆக்கப்பட்டது.

வேலையிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 இங்கே உதவாதா என்று பலர் கேட்பார்கள். அந்தச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம்: மூத்த பெண் ஒருவர் தலைமை, உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஆனால் 2022 மார்ச் 17 அன்று கேரள உயர் நீதிமன்றம், கட்சிக்கும் உறுப்பினருக்கும் முதலாளி-தொழிலாளி உறவு இல்லை, எனவே கட்சிகள் குழு அமைக்கக் கடமைப்பட்டவை அல்ல என்றது. இதை எதிர்த்துப் போன மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. நான் புரிந்துகொண்ட வரையில், கட்சி அலுவலகத்தில் சம்பளத்துக்குத் தட்டச்சு செய்யும் பெண் இந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடலாம். அதே மாடியில் இருபது வருடம் சம்பளமில்லாமல் கட்சி வேலை பார்த்த மகளிர் அணி நிர்வாகிக்கு வழியில்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நொய்யல்
தேர்தல் ஆணையம் கட்டாயப்படுத்த முடியாதா? கட்சியைப் பதிவு செய்வதே அவர்கள்தானே.

சட்டப்பக்கம்
பதிவு செய்யும் அதிகாரம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவில் இருக்கிறது. பதிவை ரத்து செய்யும் அதிகாரம், ஏமாற்றிப் பதிவு பெற்றது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. கேட்கலாம், வற்புறுத்த முடியாது. 2023இன் மகளிர் இட ஒதுக்கீட்டுத் திருத்தமும் மக்களவை, சட்டமன்ற இடங்களுக்குத்தான். கட்சிப் பொறுப்புகளைத் தொடாது.

ஆகவே கட்சியின் சொந்த விதிப் புத்தகத்தில் எழுத வைப்பதுதான் மிச்சமுள்ள வழி. பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரும்போது மூன்று வரி இருந்தால் போதும் என்பேன். ஒன்று, பாலியல் புகாரை ஒழுங்கு நடவடிக்கைக் குழு தொடக் கூடாது, தனிக் குழு வேண்டும். இரண்டு, அந்தக் குழுவில் கட்சி உறுப்பினர் அல்லாத ஒருவர் வேண்டும். மூன்று, புகார் நிலுவையில் இருக்கும் வரை புகார் கொடுத்தவரை நீக்கவோ இடைநீக்கம் செய்யவோ கூடாது. மூன்றாவதை எதிர்ப்பார்கள், நிச்சயம். அதை விட்டுக்கொடுத்தால் முதல் இரண்டும் வெறும் தாள். மனுப்பரிசீலனை சொன்ன அந்தச் சான்று வரி நினைவிருக்கட்டும்.

வைகைக்கரை
கையெழுத்து என்றதும் நம்மூர் நினைவுக்கு வருகிறது. 1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தார். இறுதி ஊர்வல வண்டியிலிருந்து ஜெயலலிதாவைத் தள்ளிவிட்டார்கள். கட்சி இரண்டானது, இரட்டை இலை முடங்கியது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சேவல் 27 இடம், புறா 2. அந்த 27ஐ வைத்துத்தான் தமிழ்நாட்டின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அடுத்த மாதமே இரண்டு அணியும் இணைந்து சின்னம் திரும்பியது, மார்ச்சில் மதுரை கிழக்கும் மருங்காபுரியும் வென்றார்கள். அவரைப் பற்றி மேடைகளில் பேசப்பட்ட பேச்சு எதுவும் அதனால் நின்றுவிடவில்லை. மார்ச் 25இல் சட்டமன்றத்துக்குள்ளேயே நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொதுச்செயலாளர் என்ற முறையில் ஏ படிவம் அவர் கையில் வந்த பிறகு, கட்சிக்குள் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மதினி
அது ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. மற்றப் பெண்களுக்கு அவர் காலத்திலும் மாவட்டச் செயலாளர் பதவி அரிதாகத்தான் வந்தது. உச்சியில் ஒரு பெண் இருப்பதும், ஒன்றிய மட்டத்தில் பெண்கள் இருப்பதும் வேறு வேறு. உள்ளாட்சியில் கேரளத்தில் 2010 தேர்தலிலிருந்து 50 சதவீதம் பெண்கள், நமக்கு 2016 சட்டத்தில் வந்தது. ஆயிரக்கணக்கில் ஊராட்சித் தலைவர்கள் வந்தார்கள். 2021 சட்டமன்றத்தில் 234 பேரில் பெண்கள் 12. நடுவில் இருக்கும் படி ஒன்றியச் செயலாளரும் மாவட்டச் செயலாளரும்தான். வேட்பாளர் நேர்காணலுக்கு முன் தலைமைக்கு மூன்று பெயர் எழுதி அனுப்புவது அவர்கள். அந்தப் படியில் ஒதுக்கீடு இல்லை.

மனுப்பரிசீலனை
@வைகைக்கரை, இன்னும் பக்கத்தில் ஒரு எடுத்துக்காட்டு: 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல். அ.தி.மு.க.வில் யார் கையெழுத்து செல்லும் என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், பொதுக்குழு உறுப்பினர்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கட்டும், அவைத்தலைவர் அதை ஆணையத்துக்கு அனுப்பட்டும் என்று இடைக்கால வழி சொல்லப்பட்டது. ஒரு கட்சி முழுவதும் பல மாதம் அந்த ஒரு கையெழுத்துக்காக நின்றது. அந்த மாதங்களில் மகளிர் அணியிலிருந்து ஒரு புகார் போயிருந்தால் எந்தத் தரப்பிடம் கொடுப்பது என்பதே தெரிந்திருக்காது.

கல்லிடை
நன்றி, கேட்டதை விட அதிகம் கிடைத்தது. கடைசியாக ஒன்று. கட்சி வாட்ஸ்அப் குழுவில் இழிவாகப் பேசுகிறார்கள் என்றால் ஆதாரத்தை எப்படி வைத்துக்கொள்வது? ஸ்கிரீன்ஷாட் போதுமா?

சட்டப்பக்கம்
ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, 'வெட்டி ஒட்டியது' என்பார்கள். செய்ய வேண்டியது: குழுவை விட்டு உடனே வெளியேறாதீர்கள். முதலில் உரையாடலை ஏற்றுமதி செய்து, படம், குரல் பதிவு எல்லாம் சேர்த்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், தேதி பதிவாகும். அனுப்பியவரின் எண் தெரியும்படி திரையைப் படம் எடுங்கள். உங்கள் ஃபோனில் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் பயனில்லை. குழுவில் உள்ளவர்கள் பட்டியலும் வேண்டும், யார் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்பதற்கு. அந்த ஃபோனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும், முன்பு 65பி என்று சொன்னது.

பெண்ணின் மாண்பைக் குலைக்கும் சொல்லுக்கும் சைகைக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 79, பாலியல் துன்புறுத்தலுக்கு 75. 2024 ஜூலை 1க்கு முன் நடந்ததென்றால் பழைய 509, 354ஏ. எழுத்தில் புகார் கொடுங்கள், நடந்த தேதி, இடம், சொன்ன சொல்லை அப்படியே. 'தகாத வார்த்தை' என்று நாகரிகமாக எழுதினால் வழக்கு நிற்காது. கூச்சமாக இருந்தாலும் அந்தச் சொல்லை எழுதுங்கள். கட்சிக்குக் கொடுக்கும் நகலையும் ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் 'வரவே இல்லை' என்று சொல்லிவிடுவார்கள்.

மதினி
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஹரிதாவில் 10 பேர் சேர்ந்து போட்டார்கள். ஒருவராக இருந்திருந்தால் நீக்க அறிக்கை நாலு வரியில் முடிந்திருக்கும். குழுவையே கலைக்க வேண்டி வந்ததால்தான் கேரளம் முழுவதும் பேசியது. பிறகு சில ஆண்டு கழித்து அவர்களில் சிலருக்குக் கட்சி இளைஞர் அமைப்பில் பொறுப்பும் கொடுத்தது.